முட்டு தாங்கும், மூட்டு தாங்குமா?

2004 ஏப்ரல் 20 அன்று பிற்பகலில், சிங்கப்பூரின் நிக்கல் நெடுஞ்சாலையை ஒட்டி மெட்ரோ ரயில் தடத்துக்காகத் தோண்டிய சுமார் 30 மீட்டர் ஆழப் பள்ளம் இடிந்து நான்கு பேர் இறந்தனர். இருபுறமும் கான்கிரீட் தடுப்புச் சுவர், குறுக்கே அடுக்கடுக்காக எஃகு முட்டுகள். ஒன்பதாம் அடுக்கைப் பொருத்திவிட்டுப் பத்தாவதற்காகத் தோண்டும்போது எல்லாம் சரிந்தது. விசாரணைக் குழு முக்கியமாகச் சுட்டிய வடிவமைப்புப் பிழைகள் இரண்டு. கடற்களிமண்ணின் வலிமையைக் கூட்டிக் காட்டும் கணக்குமுறையால் சுவரின் அசைவு ஏறக்குறைய பாதியாகவே கணிக்கப்பட்டது. அடுத்தது, முட்டும், சுவரை ஒட்டிக் கிடைமட்டமாக ஓடும் வேலர் உத்தரமும் சேரும் மூட்டு, தேவையானதில் பாதி வலிமையோடுதான் இருந்தது.

களிமண் கணக்கைப் பற்றி ஏராளமாக எழுதிவிட்டார்கள். எனக்கு அதைவிடக் கவலை தருவது மூட்டு. கணினி மாதிரியில் முட்டு என்பது ஒரு ஸ்பிரிங். அதற்கு விறைப்பு உண்டு, நீளம் உண்டு. முனையில் மூட்டு கிடையாது. களத்திலோ முழுச் சுமையும் வேலரின் மெல்லிய நடுத்தகட்டில்தான் போய் இறங்குகிறது. அதைப் பலப்படுத்த, தட்டைத் தகடுகளுக்குப் பதிலாகச் சேனல் துண்டுகளைப் பற்றவைத்தார்கள். அவை சற்றே கூடுதல் சுமை தாங்கின. ஆனால் உச்சத்தைத் தொட்டதும் மூட்டு பக்கவாட்டில் மடங்கிப் பிடியை விட்டது. அது சுமந்த பாரம் மற்ற முட்டுகள்மேல் ஏறியது. உச்சத்துக்குப் பிறகும் சுமையைத் தாங்கிக்கொண்டே இருக்கும் முட்டினை மாதிரியில் வரைந்துவிட்டு, அதிலிருந்து பாதுகாப்புக் கெழுவைப் படிப்பது ஆபத்து. மூட்டு மடங்கும் விதம் மாதிரிக்குள் வர வேண்டும். ஒரு முட்டினை நீக்கிவிட்டும் கணக்கை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

ஒன்பதாம் அடுக்கின் முட்டுச் சுமையை மாதிரி பெரிதாகத் தவறவிடவில்லையே என்று கேட்கலாம். உண்மைதான். சுமை ஏறக்குறைய சரியாக இருந்தும் பள்ளம் நிற்கவில்லை என்பதுதானே மூட்டைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது பிழை என்பதற்குச் சான்று? ஒவ்வொரு பற்றவைப்பையும் மாதிரியாக்க நேரம் போதாது என்பது நியாயமான கவலை. ஆனால் ஒரே வகை மூட்டுதான் திரும்பத் திரும்ப வருகிறது. அதை ஒருமுறை விரிவாக ஆராய்ந்து, உச்சத்துக்குப் பின் அதன் தாங்குதிறன் சரியும் கோட்டை எல்லா முட்டுகளுக்கும் கொடுத்தால் போதும். அளவுமானிகள் எச்சரிக்குமே என்பாரும் உண்டு. எச்சரிக்கத்தான் செய்தன. சுவரின் அசைவு வரம்பைத் தாண்டியபோது மறுகணக்குப் போட்டு வரம்பையே உயர்த்தினார்கள். அந்த மறுகணக்கிலும் மூட்டு இல்லை.