புகையிலை வருமுன்னே புகைக்குழாயா?

சீன நீர்ப்புகைக்குழாய் ஒன்றைப் பற்றிய கட்டுரையில், அதன் அடியில் ஆறெழுத்து முத்திரையைக் கண்டதும், அது ‘ஷுவாந்தே என்ற மிங் காலக் கைவினைஞர் செய்தது, அறுநூறு ஆண்டுப் பழையது’ என்று தீர்ப்பெழுதிவிட்டார் கட்டுரையாளர். இரண்டும் தவறு. இதை நம்பி யாரோ ஒருவர் சேமிப்பைக் கொட்டப்போகிறார் என்பதால்தான் கோபத்தோடு எழுதுகிறேன்.

ஷுவாந்தே கைவினைஞரே அல்ல. 1426 முதல் 1435 வரை வழங்கிய, மிங் பேரரசர் ஒருவரின் ஆட்சிப் பெயர் அது. அந்த ஆட்சியின் வெண்கலத் தூபக்கலங்களுக்கு இருந்த புகழால், பின்வந்த நூற்றாண்டுகளின் பட்டறைகள் அதே முத்திரையைத் தம் கலங்களிலும் பொறித்துத் தள்ளின. சீனப் பழம்பொருள்களைப் பற்றி எழுத வருகிறவர் இதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் பேனா எடுத்தது பொறுப்பின்மை.

காலக்கணிப்பு அதைவிட மோசம். புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. கொலம்பஸ் அங்கே கரையிறங்கியதே 1492இல். ஸ்பானியர் வழியாக மணிலாவுக்கு வந்து, அங்கிருந்து சீனாவின் ஃபூஜியன் கடலோரத்துக்கு அது போய்ச் சேர்ந்தபோது அந்தப் பேரரசர் இறந்து ஒன்றரை நூற்றாண்டளவு ஆகியிருந்தது. அப்படியானால் 1430இல் எதைப் புகைக்க இந்தக் குழாய்? அபினைப் புகைக்க என்றும் தப்பிக்க முடியாது. சீனாவில் அபினைப் புகைக்கும் வழக்கமே அதைப் புகையிலையோடு கலந்து புகைத்ததில்தான் தொடங்கியது. நீர்ப்புகைக்குழாய் பரவியதோ மிங் காலத்துக்குப் பிந்திய சிங் காலத்தில்.

செய்தவரைத் தேட வேண்டிய இடம் வேறு. செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த வெள்ளைச்செம்புக் குழாய்களுக்கு ஹான்கோ நகரம் பேர்போனது. அடித்தகட்டில் சிறிய கட்டத்துக்குள் குத்தப்பட்ட கடைப்பெயர்தான் அங்கே அடையாளம். அதுவும் ஆண்டைச் சொல்லாது. ஒரே கடைப்பெயர் தலைமுறை தாண்டியும் ஓடும், பெயர்பெற்ற கடையின் முத்திரையை அடுத்தவனும் குத்துவான். அதனால் உலோகத்தைப் பாருங்கள். அடித்தகட்டின் விளிம்பு தேய்ந்து வழவழத்திருக்க, முத்திரையின் கோடுகள் மட்டும் கூராக நின்றால் அது பின்னால் குத்தியது. அசலிலிருந்து அச்செடுத்து வார்த்த போலியில் எழுத்தின் ஓரங்கள் மழுங்கியிருக்கும். பற்றவைத்த மூட்டுகளையும், நீர்க்கலத்தின் உட்புறத்தில் படிந்த கறையையும் பார்க்க வேண்டும். கட்டுரையில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. முத்திரையின் படம் மட்டுமே இருக்கிறது.

‘முத்திரை இல்லாதவை எல்லாம் போலி’ என்ற அவரது இன்னொரு வாதத்துக்கு ஒரு வரி போதும்: முத்திரையே இல்லாத அசல் சிங் காலக் குழாய்கள் ஏராளம்.

அந்தக் குழாய் 15ஆம் நூற்றாண்டினது அல்ல. கட்டுரையாளர் தம் கணிப்பை வெளிப்படையாகத் திரும்பப் பெற வேண்டும். அதுவரை அவர் சொல்லை நம்பி யாரும் பணம் கொடுக்காதீர்கள்.