பாதை திறந்திருக்கிறது, இரவு தங்க இடம் எங்கே?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் தன் பசிபிக் கரை நெடுகிலும் ஒரு நெடும்பாதையை உருவாக்கி வருகிறது. வடக்கே ஓரிகன் எல்லையிலிருந்து தெற்கே மெக்சிகோ எல்லை வரை ஏறத்தாழ 1,200 மைல். நடப்போருக்கும், நிலம் இடந்தரும் பகுதிகளில் மிதிவண்டியோட்டிகளுக்கும் உரிய பாதை இது. 1976ஆம் ஆண்டின் கடற்கரைச் சட்டம் இதற்கு அடித்தளம். கடற்கரையை மக்கள் அணுகுவதற்கான வாய்ப்பை இயன்றவரை பெருக்குவதை அச்சட்டம் அரசின் கடமையாக்குகிறது.

பணி இன்னும் முடியவில்லை. தனியார் வேலிகள் குறுக்கிடுகின்றன. பெருஞ்செல்வரான வினோத் கோஸ்லா 2008இல் மார்ட்டின்ஸ் கடற்கரையையொட்டிய நிலத்தை வாங்கினார். பின்னர் அங்குள்ள வாயில் அடைக்கப்பட்டது. அனுமதி பெறாமல் அணுகுவழியை அடைத்தது சட்டத்துக்குப் புறம்பானது என்று 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊடகங்கள் இந்த வழக்கை விரிவாகப் பேசின. ஆனால் வேலி கண்ணுக்குத் தெரியும் தடை. அதை நீதிமன்றத்துக்கு இழுப்பது ஒப்பீட்டளவில் எளிது. கண்ணுக்குத் தெரியாத தடையை அறிய, இதே கரையில் லாஸ் ஏஞ்சலீஸ் அருகிலுள்ள மன்ஹாட்டன் பீச் நகரின் வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

1912இல் வில்லா புரூஸ் என்ற கறுப்பினப் பெண் அங்கே 1,225 டாலருக்கு ஒரு மனையை வாங்கினார். அவரும் கணவர் சார்லஸும் கறுப்பின மக்களுக்காக உணவகமும் உடைமாற்றும் அறைகளும் தங்கும் விடுதியும் நடத்தினர். கடலில் குளிக்க வந்த கறுப்பின மக்களை அண்டைய நில உரிமையாளர் நேரடியாகத் தடுக்கவில்லை. விடுதிக்கும் கடலுக்கும் இடையிலிருந்த தன் மணற்பரப்பில் கயிறு கட்டி, 'அத்துமீறி நுழையாதீர்' என்று பலகை நட்டார், அவ்வளவே. மக்கள் அரை மைல் சுற்றி நடந்து கடலை அடைந்தனர், வருவதை நிறுத்தவில்லை.

கயிறு தோற்ற இடத்தில் சட்டம் நுழைந்தது. 1924இல் நகர நிர்வாகம், பூங்கா அமைக்கவென்று சொல்லி அந்த நிலத்தைக் கையகப்படுத்தும் நடவடிக்கையைத் தொடங்கியது. புரூஸ் குடும்பம் கேட்டது 1,20,000 டாலர், கிடைத்தது 14,500. நிலமோ பல பத்தாண்டுகள் வெறுமனே கிடந்தது. கையகப்படுத்தலுக்குச் சொல்லப்பட்ட காரணத்தில் நிறம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 'பொதுநோக்கம்' என்ற சொல்லே அந்த வேலையைச் செய்து முடித்தது. நம்மூர் நில வழக்குகளில் பழகியவர்களுக்கு இது புதிதல்ல.

2022இல் அந்த நிலம் வாரிசுகளிடம் திருப்பியளிக்கப்பட்டது. மறு ஆண்டே ஏறக்குறைய இரண்டு கோடி டாலருக்கு அவர்கள் அதை மாவட்ட நிர்வாகத்துக்கு விற்றனர். இந்தச் செய்தி உலகெங்கும் கொண்டாடப்பட்டது. ஆனால் பறிக்கப்பட்டது நிலம் மட்டுமன்று, ஒரு விடுதியும்தான். உண்ணவும் உடை மாற்றவும் உறங்கவும் இடமில்லாதவருக்குக் கடற்கரை அரைநாள் பயணத்துக்கு மேல் எட்டாது. நாட்கணக்கில் நடக்கும் நெடும்பாதையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கடற்கரைச் சட்டத்தின் 30213ஆம் பிரிவு இதை உணர்ந்திருக்கிறது. குறைந்த கட்டண வசதிகள் பாதுகாக்கப்பட வேண்டும் என்கிறது அது. மலிவான தங்குமிடத்தை அகற்றுவோரிடம் கடற்கரை ஆணையம் ஈட்டுக்கட்டணம் விதிப்பதும் இதன் அடிப்படையில்தான்.

புரூஸ் நிலத்தின் மீது கைவைக்கப்பட்ட அதே 1924இல்தான், கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காக வைக்கம் போராட்டம் தொடங்கியது. தெரு திறந்தால் மட்டும் போதாது என்பதை அண்ணல் அம்பேத்கர் பரோடாவில் பட்டறிந்தார்: அரசுப் பணியில் சேரச் சென்றவரைப் பார்சி விடுதியிலிருந்து வெளியேற்றினார்கள். நம் அரசமைப்பின் 15(2) உறுப்பு, உணவகங்களையும் தங்கும் விடுதிகளையும் ஒரு கூறிலும், குளங்களையும் படித்துறைகளையும் சாலைகளையும் அடுத்த கூறிலும் வைத்திருப்பது பொருளுடையது. பொதுவிடத்தில் மிதிவண்டி ஓட்டவிடாமல் பட்டியலினத்தவரைத் தடுப்பதையே குற்றமாக்க வேண்டிய நிலை, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் வரை இங்கே நீடித்தது.

நம் கடலோரத்திலும் நடைபாதை, மிதிவண்டிப் பாதைத் திட்டங்கள் முன்வைக்கப்படும்போது, வரைபடத்தில் பாதை எங்கே செல்கிறது என்பதை மட்டும் கேட்பது போதாது. 2019ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை கடற்கரையில் சுற்றுலா வசதிகளுக்கு இடம் தருகிறது. 30213ஆம் பிரிவு போன்ற ஒரு கடமை அதில் இல்லை.