மலிவு ரிக்கற்றும் விமானியின் தூக்கமும்

யாழ்ப்பாணத்து வீடொன்றில் சென்னைப் பயணப் பேச்சு எழுந்தால் முதல் கேள்வி "ரிக்கற் எவ்வளவு வருது?" என்பதுதான். ஆஸ்பத்திரிக்குப் போகிறவரும் கலியாணச் சேலை எடுக்கப் போகிறவரும் திருச்செந்தூருக்கு நேர்த்தி வைத்தவரும் அதையே கேட்கிறார்கள். கேட்பது நியாயம். பலாலி விமான நிலையம் திறக்கும் வரை, வடக்கே இருக்கும் சென்னைக்குப் போக நானூறு கிலோமீற்றர் தெற்கே பஸ்ஸில் இரவிரவாகப் போய்க் கட்டுநாயக்கவில் விமானம் ஏறவேண்டியிருந்தது. இப்போது அதே பயணம் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட.

அந்த வானவழி புதியதல்ல. 1947 டிசெம்பர் 10 அன்று எயார் சிலோனின் முதல் விமானமே இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகத்தான் சென்னைக்குப் பறந்தது. சீதாதேவி என்று பெயரிட்ட டக்கோட்டா அது. பின்னர் போரில் மூடுண்ட வழி 2019 ஒக்டோபர் 17 அன்று மீண்டும் திறந்தது. சென்னையிலிருந்து வந்திறங்கியது அலையன்ஸ் எயார். கொரோனாவில் நின்ற சேவை 2022 டிசெம்பர் 12 இல் திரும்ப வந்தது. 2024 செப்டெம்பர் 1 முதல் இண்டிகோ தினமும் சென்னையிலிருந்து வரத் தொடங்கியது. 2025 மார்ச் 30 இல் திருச்சியும் சேர்ந்தது.

அலையன்ஸ் எயார் பழைய எயார் இந்தியாவின் பிள்ளை. தாய் நிறுவனம் 2022 ஜனவரியில் டாட்டாவிடம் போனபோதும் இது இந்திய அரசின் கையிலேயே நின்றது. இண்டிகோ 2006 இல் பறக்கத் தொடங்கி, இன்று இந்திய உள்நாட்டுப் பயணிகளில் நூற்றுக்கு அறுபதுக்கும் மேற்பட்டவர்களை ஏற்றிச் செல்லும் மலிவுக் கட்டண நிறுவனம். பலாலிக்கு இரண்டும் கொண்டுவந்தது ஒரே வகை ஏ.ரி.ஆர். 72 விமானத்தைத்தான். எரிபொருள் விலையிலும் விமான நிலையக் கட்டணத்திலும் ஒரு நிறுவனம் மற்றதைவிட அதிகம் மிச்சம் பிடிக்க முடியாது. மிச்சம் பிடிக்கக்கூடிய பெரிய இடம், ஊழியரின் நேரம்.

மலிவுக் கட்டண முறையின் உயிர், விமானம் தரையில் நிற்கும் நேரத்தைக் குறைப்பது. வந்திறங்கிய விமானம் அரை மணித்தியாலத்தில் திரும்பப் புறப்படவேண்டும். பயணிகள் இறங்கியதும் உணவு விற்ற அதே பணியாளர்களே ஆசனங்களிடையே குப்பை பொறுக்குகிறார்கள். விமானிகளுக்கும் விமானப் பணியாளர்களுக்கும் சம்பளத்தில் ஒரு பங்கு பறக்கும் மணித்தியாலங்களைப் பொறுத்தது. பறப்பு இல்லாத மாதம் வீட்டில் உடனே தெரியும்.

இந்தப் போட்டி ஊழியர் பக்கம் எப்படித் தெரிகிறது என்பதை இந்தியா அண்மையில் மூன்று தடவை காட்டியது. 2022 ஜூலை 2 அன்று இண்டிகோவின் விமானப் பணியாளர் பெருமளவில் சுகயீன லீவு எடுத்தார்கள். அன்று பாதிக்கு மேற்பட்ட பறப்புகள் தாமதமாகின. எயார் இந்தியாவின் ஆட்சேர்ப்புக்குப் போனார்கள் என்று செய்திகள் வந்தன. கொரோனாக் காலத்தில் வெட்டிய சம்பளம் அப்போது முழுதாகத் திரும்பியிருக்கவில்லை. 2024 மே மாதம் எயார் இந்தியா எக்ஸ்பிரஸ் பணியாளர்களும் சுகயீன லீவில் போனார்கள். இன்னொரு மலிவு நிறுவனத்தோடு நடந்த இணைப்பில் தாங்கள் சமமாக நடத்தப்படவில்லை என்பது அவர்களின் குறை. 25 பேர் நீக்கப்பட்டு, தொழில் ஆணையாளர் முன்னிலையில் நடந்த பேச்சின் பின் திரும்ப எடுக்கப்பட்டார்கள்.

மூன்றாவது, 2025 டிசெம்பர். விமானிகளின் வாராந்த ஓய்வை 36 மணித்தியாலத்திலிருந்து 48 ஆக்கி, இரவுத் தரையிறக்கங்களை ஆறிலிருந்து இரண்டாகக் குறைக்கும் விதியை இந்திய விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் 2024 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டார். நிறுவனங்கள் எதிர்த்ததால் அது தள்ளிப்போனது. விவகாரம் டில்லி மேல் நீதிமன்றம் வரை போய், இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தது. இரண்டாம் கட்டம் நவம்பர் 1 இல் தொடங்கியபோது இண்டிகோவிடம் போதிய விமானிகள் இல்லை. டிசெம்பர் 5 அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பறப்புகள் இரத்தாகின. பயணிகளின் கோபம் முழுவதையும் கவுண்டரில் நின்ற இளம் பிள்ளைகள் வாங்கிக் கட்டினார்கள். விமானிகளை எத்தனை பேர் சேர்ப்பது என்ற முடிவில் அவர்களுக்கு எந்தப் பங்கும் இல்லை. ஈற்றில் அரசு செய்தது, அந்த நிறுவனத்துக்கு ஓய்வு விதியிலிருந்து தற்காலிக விலக்குக் கொடுத்ததுதான். இது பிழையான முடிவு. ஏறக்குறைய இரண்டு வருட அவகாசம் இருந்தும் ஆட்களைச் சேர்க்காத நிர்வாகத்தின் தவறை விமானியின் தூக்கத்தில் கழித்தார்கள்.

பழைய பாணி நிறுவனங்கள் ஊழியரைக் காத்தன என்றும் சொல்லிவிட முடியாது. இந்தியாவின் ஜெட் எயார்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று நின்றபோது பல ஆயிரம் குடும்பங்கள் சம்பள பாக்கியோடு வீதிக்கு வந்தன. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதைக் கலைக்கவே உத்தரவிட்டது. இலங்கை அரசு தானே ஒரு மலிவு நிறுவனம் நடத்திப் பார்த்தது. 2007 இல் பறக்கத் தொடங்கிய மிஹின் லங்கா நட்டத்தில் ஓடி 2016 ஒக்டோபரில் மூடப்பட, அதன் வழித்தடங்களை ஸ்ரீலங்கன் எடுத்துக்கொண்டது. ஸ்ரீலங்கனும் கடனில்தான் நிற்கிறது. ஆனாலும் கட்டுநாயக்கவில் எந்த வெளிநாட்டு மலிவு விமானம் வந்தாலும் பொதி இறக்குவது ஸ்ரீலங்கனின் தரைச்சேவை ஊழியர்தான். தன் நிறுவனத்தின் பயணியைப் பறிக்க வந்த விமானத்துக்கும் அதே முதுகு குனிகிறது.

மலிவு ரிக்கற்றும் கௌரவமான வேலையும் சேர்ந்து வராதா? வரும். மலிவுப் பறப்பின் முன்னோடியான அமெரிக்காவின் சவுத்வெஸ்ட், 1971 முதல் பறக்கிறது. அதன் ஊழியரில் மிகப் பெரும்பாலோர் தொழிற்சங்கத்தில் இருக்கிறார்கள். முதல் தடவையாகப் பெரிய ஆட்குறைப்புச் செய்தது 2025 இல்தான். தொழிற்சங்கமே வேண்டாம் என்று முப்பது வருடம் நின்ற அயர்லாந்தின் ரயன்எயார், 2017 இல் விமானிகளின் லீவுக் கணக்கைக் குழப்பி ஆயிரக்கணக்கான பறப்புகளை இரத்துச் செய்தது. அந்த வருட டிசெம்பரில் சங்கங்களை ஏற்றது. ரிக்கற் விலை அதனால் வானத்துக்கு ஏறிவிடவில்லை.

பலாலிக்கு இன்னும் விமானங்கள் வரவேண்டும், ஓடுபாதை நீளவேண்டும் என்று குடாநாடு கேட்கிறது. கேட்கட்டும். அதோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேட்கவேண்டும். அங்கே பொதி இழுக்கப்போவதும் கவுண்டரில் நிற்கப்போவதும் தெல்லிப்பழைப் பிள்ளையாகவோ அச்சுவேலிப் பிள்ளையாகவோ இருக்கலாம். மாதக் கணக்கில் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் அந்தப் பிள்ளையை வைத்திருக்கக்கூடாது. எத்தனை மணித்தியால வேலை, எவ்வளவு ஓய்வு, சேவை நின்றால் எத்தனை மாதச் சம்பளம் என்று எழுதிய நியமனக் கடிதம் கையில் கிடைக்கவேண்டும். அடுத்த நிறுவனத்துக்கு அனுமதி எழுதும்போது அரசு இதையும் ஒரு நிபந்தனையாக அதே தாளில் எழுதலாம்.