கல்பாசி சொல்லும் சாட்சி



பெருநாள் பிரியாணிக்கு மசாலா கூட்டும் தாய்மார்களின் பெட்டியில், பட்டை, கிராம்பு, ஏலக்காயோடு காய்ந்த சருகைப் போன்ற ஒரு பொருளும் இருக்கும். ஒரு புறம் கருமை. மறு புறம் சாம்பல் நிறம். கல்பாசி என்று அதனை அழைக்கிறோம். கையில் எடுத்தால் எடையே தெரியாது. சூடான எண்ணெயில் விழுந்த பிறகுதான் அதன் மணம் வெளிப்படும். அந்த எளிய பொருளை முன்வைத்து, நாம் சுவாசிக்கும் காற்றைப் பற்றி இம்மாதம் சிறிது சிந்திப்போம்.

கல்பாசி ஒரு செடியன்று. பூஞ்சையும் நுண்ணிய பாசியும் ஒன்றுக்கொன்று துணையாக வாழும் கூட்டுக் குடும்பம் அது. பாசி வெயிலின் துணையால் உணவு சமைக்கிறது. பூஞ்சை அதற்கு இருப்பிடமும் ஈரமும் தருகிறது. அதற்கு வேர் கிடையாது. மழையும் பனியும் காற்றும் கொண்டுவந்து சேர்ப்பதே அதன் இரை. காற்று தூயதாக இருந்தால், மரப்பட்டையிலும் பாறையிலும் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வீதம் பொறுமையாகப் படரும். காற்றில் கந்தகப் புகை போன்ற நஞ்சு ஏறினால், அதனைத் தடுக்க வழியின்றித் தன் உடலில் ஏற்றுக்கொண்டு மடியும். மாசைத் தாங்கக்கூடிய சில வகைகள் மட்டுமே எஞ்சும். 1866-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு அறிஞர் வில்லியம் நைலாண்டர் இதனைப் பாரிஸ் நகரில் கண்டார். நகரின் பிற பகுதிகளில் காணக் கிடைக்காத பாசி வகைகள் லக்சம்பர்க் பூங்காவில் செழித்திருந்தன. காற்றின் தூய்மைக்கு இவை அளவுகோல் என்று அவர் எடுத்துரைத்தார்.

இத்தகைய பாசிகள் படர்ந்த மரங்களை நம் சேலம் மாவட்டத்து ஏற்காட்டிலும் காணலாம். 1820-ஆம் ஆண்டளவில் கலெக்டர் காக்பர்ன் காப்பிப் பயிரைக் கொண்டுவந்த மலை அது. காப்பித் தோட்டங்களுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களும், அவற்றைத் தழுவி ஏறும் மிளகுக் கொடிகளும், காலைப் பனியும் அந்த மலையின் செல்வங்கள்.

சேலத்தில் வாழ்வோருக்கு அந்த மலையின் அருமை நன்கு தெரியும். நம் நகரைச் சுற்றிலும் சேர்வராயன் மலை, நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை என்று மலைகள் அரணாக நிற்கின்றன. மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் குளிர்ந்த காற்று இந்தக் கிண்ணத்தின் அடியில் தங்கிவிடும். அதற்கு மேலே வெப்பக் காற்று மூடி போட்டதுபோல் நிற்கும். வாகனப் புகையும் குப்பை எரிக்கும் புகையும் வெளியேற வழியின்றி நம் தெருக்களிலேயே சுழலும். எனவேதான் விடுமுறை வந்தால் மலையை நோக்கி ஓடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், பெருநாளுக்கு மறுநாள் நாங்களும் ஓடினோம். உறவினர் பதின்மூன்று பேருக்கு நான்கு கார்கள்! அதில் ஒன்றில் இருவர் மட்டுமே. "மலைக் காற்று உன் இளைப்புக்கு நல்லது" என்று என் இளைய மகளிடம் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். மலைப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதிகூடக் கடக்கவில்லை. வாகனங்கள் வரிசைகட்டி நின்றுவிட்டன. முக்கால் மணி நேரம் நின்றோம். ஏ.சி.க்காக எவரும் இன்ஜினை நிறுத்தவில்லை; நானும் நிறுத்தச் சொல்லவில்லை. சாலையோரத்தில் கொய்யாப்பழக் கூடையுடன் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இருமினார். என் மகள் கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அத்தா, நல்ல காத்துன்னு சொன்னீங்களே, அது எங்கே? நம்ம பஸ் ஸ்டாண்டு மாதிரியே நாறுதே!"

அன்றிரவு அவளுக்கு இளைப்புக் கண்டது. அன்றைய புகைதான் அதற்குக் காரணம் என்று சாதிக்க என்னிடம் சான்று இல்லை. ஆனால் தூக்கம் வராமல் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்த என் நெஞ்சில் ஒரு முள் தைத்தது. பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் ஓதிக் கொடுப்பவன் நான். முள்ளும் கல்லும் மட்டுமா இடையூறு? அந்த மூதாட்டியின் பாதையில் அன்று புகையைப் பரப்பிவைத்தவர்களில் நானும் ஒருவனல்லவா?

மலையேறும் வாகனம் சமதரையில் ஓடும் வாகனத்தைப் போன்றதன்று. சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். ஆட்கள் ஏறிய ஒரு சாதாரணக் காரை அந்த உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டுமே சுமார் ஒன்றரை லிட்டர் பெட்ரோல் செலவாகும்; பாதையின் தூரத்திற்கான எரிபொருள் தனி. ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலும் எரியும்போது ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு உண்டாகிறது. முக்கால் கிலோ எடையுள்ள பெட்ரோல் எவ்வாறு இரண்டு கிலோவுக்கு மேற்பட்ட வாயுவாகும் என்று வியக்க வேண்டாம். அதிலுள்ள கரி, காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேருவதால் எடை கூடுகிறது.

இறங்கும்போது புகை குறைவுதான். ஆனால் பிரேக்கும் டயரும் தேய்ந்து நுண்தூசி பறக்கிறது. 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் நம் தலைமுடியின் பருமனில் இருபதில் ஒரு பங்குகூட இருப்பதில்லை. அவை நுரையீரலின் அடிவரை செல்லும். 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிகளால் புதிய வாகனங்களின் நச்சுப் புகை வெகுவாகக் குறைந்துள்ளது உண்மையே. எனினும் கரியமில வாயு எரித்த எரிபொருளின் அளவுக்கு வந்தே தீரும். நெரிசலோ, வாகனம் புதியதானாலும் பழையதானாலும் நெரிசல்தான்.

மற்ற மலைகளின் நிலையையும் பாருங்கள். நீலகிரிக்குக் கோடைக் காலத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 வாகனங்கள் வருகின்றன என்ற கணக்கு 2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. நீதிமன்ற ஆணைப்படி அவ்வாண்டு மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் செல்ல இ-பாஸ் கட்டாயமாயிற்று. 2025 கோடையில், ஏப்ரல் முதல் ஜூன் வரை, நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000; கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 வாகனங்கள் என்று வரம்பும் விதிக்கப்பட்டது. அரசுப் பேருந்துகளுக்கு அந்த வரம்பு பொருந்தவில்லை. ஆணை வந்த பிறகுதான் நாம் அடங்க வேண்டுமா? நமக்கு நாமே ஒரு வரம்பு விதித்துக்கொள்ளலாகாதா?

அடுத்த ஆண்டு எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தோம். என் தாயாரும் நடக்க இயலாத பெரியவர்களும் ஒரே காரில் சென்றனர். ஏனையோர் அரசுப் பேருந்தில் ஏறினோம். நாம் ஏறினாலும் ஏறாவிட்டாலும் பேருந்து மலையேறத்தான் போகிறது. ஐம்பது பேரைச் சுமந்தும் சாலையில் இரண்டு மூன்று கார்களின் இடத்தையே அது அடைத்துக்கொள்கிறது. கூட்டமான விடுமுறை நாளைத் தவிர்த்து, வார நாளொன்றில் காலையிலேயே புறப்பட்டோம். ஏரிப் பகுதியைக் கால்நடையாகவே சுற்றிப் பார்த்தோம்.

காரில்தான் செல்ல வேண்டியவர்கள் இருக்கைகளை நிரப்பிக்கொண்டு செல்லுங்கள். வரிசையில் நின்றால் இன்ஜினை நிறுத்துங்கள். சும்மா நிற்கும் கார்கூட மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும். டயரில் காற்றுக் குறையாமலும், புகைப் பரிசோதனைச் சான்று காலாவதியாகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். கீழிறங்குகையில் குறைந்த கியரில் வாருங்கள். உண்ட இடத்தில் பிளாஸ்டிக்கை எரிக்காதீர்கள். இவையனைத்தும் மலைக்கு மட்டும் உரியவையல்ல. அடுத்த தெருப் பள்ளிவாசலுக்கு ஜும்ஆவுக்குச் செல்ல மோட்டார் சைக்கிளை உதைக்கும் இளைஞர்களும், இரண்டு தெரு தள்ளியுள்ள பள்ளிக்கூடத்தில் பிள்ளையை விடக் காரை எடுக்கும் பெற்றோரும் இதனைச் சிந்திக்க வேண்டும். இன்ஜின் சூடாகும் முன்பே முடிந்துவிடும் குறும்பயணத்தில், புகையைத் தூய்மை செய்யும் கருவி முழுமையாக வேலை செய்வதில்லை.

அந்த ஆண்டு, ஏரிக்கு அருகே ஒரு மரத்தின் பட்டையில் படர்ந்திருந்த சாம்பல் நிறப் பாசியை மகளுக்குக் காட்டினேன். "இதைப் போன்றதைத்தான் உன் அம்மா பிரியாணியில் போடுகிறாள்" என்றேன். அவள் முகர்ந்து பார்த்துவிட்டு, "கொஞ்சம் பறிச்சுக்கட்டுமா அத்தா?" என்றாள்.

"வேண்டாம்மா, இருக்கட்டும். அடுத்த வருஷம் நாம் வரும்போது, நாம் எப்படி நடந்துகொண்டோம் என்று அது சொல்லும்" என்றேன்.

நமக்குச் சாதகமாக அது சாட்சி சொல்லும்படி நடந்துகொள்வோம், இன்ஷா அல்லாஹ்.