சாரிட்டி ஷாப்ல வாங்கின பொருள் பழுதா? கூச்சப்படாம ரீஃபண்ட் கேளுங்க!



பிரிட்டனுக்கு வேலைக்குப் போய், முதல் சம்பளத்துல வீடு செட் பண்றவங்களுக்கு சாரிட்டி ஷாப் ஒரு வரப்பிரசாதம். ஆக்ஸ்ஃபாம், பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன் மாதிரி தொண்டு நிறுவனங்கள் நடத்துற கடைகள் இவை. ஆனா 40 பவுண்டுக்கு வாங்கின மைக்ரோவேவ் மூணாம் நாளே படுத்துட்டா, "நல்ல காரியத்துக்குப் போற காசு, எப்படித் திருப்பிக் கேக்கறது?"ன்னு நிறைய பேர் விட்டுடறாங்க.

விடக்கூடாதுங்கறது என் கருத்து. முதல்ல சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்.

2015-ம் வருட கன்ஸ்யூமர் ரைட்ஸ் ஆக்ட்படி சாரிட்டி ஷாப்பும் ஒரு வியாபாரிதான். லாப நோக்கம் இல்லை, பொருள் தானமா வந்ததுங்கறதெல்லாம் விலக்கு ஆகாது.

* வாங்கும்போதே பழுது இருந்திருந்தா, 30 நாளுக்குள்ள பொருளைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேக்கலாம்.
* 30 நாள் தாண்டிட்டா, ரிப்பேர் பண்ணிக் கொடுக்கவோ மாத்திக் கொடுக்கவோ கடைக்கு ஒரு வாய்ப்பு தரணும். பழைய பொருளுக்கு மாத்து கிடைக்கறது கஷ்டம். ரெண்டுமே முடியலைன்னா விலையில ஒரு பகுதியையோ ரீஃபண்டையோ கேக்கலாம்.
* "ரீஃபண்ட் கிடையாது"ன்னு போர்டு மாட்டிட்டா இந்த உரிமை போயிடாது.

அதுக்காக 3 பவுண்ட் சட்டையில நூல் பிரிஞ்சிருக்குன்னு சண்டைக்குப் போகாதீங்க. பழைய பொருள், அதோட விலை, தேய்மானம் எல்லாத்தையும் வெச்சுத்தான் தரத்தை எடை போடுவாங்க. கடைக்காரர் முன்கூட்டியே சொன்ன குறைக்கும், வாங்கும்போது நீங்களே சோதிச்சுப் பார்த்திருந்தா கண்ணுல பட்டிருக்க வேண்டிய குறைக்கும் கேக்க முடியாது. பிடிக்கலை, சைஸ் சரியில்லைன்னு திருப்பறதும் இந்த உரிமையில வராது. அது கடையோட விருப்பம்.

சரி, "தர்மம்"ங்கற கேள்விக்கு வருவோம். ஒரு ஆடிட்டரா என் பதில் ஒரு சின்ன கணக்கு.

பழுதான மைக்ரோவேவை அப்படியே விட்டா தொண்டு நிறுவனத்துக்கு மிஞ்சறது 40 பவுண்ட். அது கணக்குல விற்பனை, நன்கொடை இல்லை. அதையே ரீஃபண்ட் வாங்கி, அதே 40 பவுண்டை கிஃப்ட் எய்ட் படிவத்தோட நன்கொடையா கொடுத்தா, அவங்க வரித்துறைகிட்ட இன்னும் 10 பவுண்ட் வாங்கிக்கலாம். மொத்தம் 50! அந்த வருஷம் நீங்க போதுமான வரி கட்டியிருக்கணும், அவ்வளவுதான். சம்பளத்துலயே வரி பிடிக்கிற நமக்கு அது பெரும்பாலும் பிரச்னை இல்லை.

இன்னொரு விஷயம். மின்சாதனப் பழுதுன்னா அது பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. நீங்க போய்ச் சொன்னாத்தான், சோதனையில எங்கேயோ கோட்டை விட்டிருக்கோம்னு கடைக்கே தெரியும்.

அதனால ரசீதைப் பத்திரமா வைங்க. வீட்டுக்கு வந்ததும் போட்டுப் பாருங்க. பழுதுன்னா உடனே போட்டோ எடுத்து, மேனேஜர்கிட்ட மரியாதையா பேசுங்க. கவுன்ட்டர்ல நிக்கறவர் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர். அவர்கிட்ட குரலை உயர்த்தாதீங்க.

கொடுக்கறதா இருந்தா மனசார கொடுங்க. கூச்சத்துல இழக்கறதுக்குப் பேரு தானம் இல்லை!