அத்தைக்கு விசா வேணாம், அத்தை பார்க்கற சீரியலுக்கு வேணுமாம்

முதல்லயே சொல்லிடறேன். இது ஓசியில படம் பார்க்க வழி சொல்ற பதிவு இல்ல. அதுக்காக வந்தவங்க அப்படியே அடுத்த கடைக்கு நடையைக் கட்டலாம் :-) காசு கட்டினவங்களுக்கே ஏன் படம் தெரிய மாட்டேங்குதுங்கறதுதான் இங்க மேட்டர்.

நமக்கு ஊர் கங்கைகொண்ட சோழபுரம். ஊர் பேரைச் சொன்னதுமே ராஜேந்திர சோழன், கடாரம், கப்பல் படைன்னு ஆரம்பிச்சிடுவீங்க, தெரியும். 2025 ஜூலையில அந்தப் படையெடுப்போட ஆயிரமாவது ஆண்டுன்னு ஆடித் திருவாதிரைக்கு பிரதமர் வந்தார், இளையராஜா கச்சேரி வேற, ஊர் கொள்ளாத கூட்டம். கடாரம்ங்கறது இப்போ மலேசியாவுல கெடா மாநிலம். அங்க சுங்கை பட்டாணியிலதான் எங்க அத்தை பையன் குடும்பத்தோட இருக்கான். நான் இங்க வெயில்ல நின்னு எட்டிப் பார்த்த விழாவை அவன் அங்க சோபாவுல உக்காந்து யூடியூப்ல நேரலையா பார்த்தான். யாரும் அவனை நீ எந்த ஊருன்னு கேக்கல.

அப்புறம் அத்தை பேத்தியைப் பார்க்க அங்க போனாங்க. 2023 டிசம்பர்லயே நம்மாளுங்க 30 நாள் வரைக்கும் விசா இல்லாம வரலாம்னு மலேசியா சொல்லிடுச்சு. அதனால அத்தை சுலபமா போய் இறங்கிட்டாங்க. சீரியல்தான் இறங்கல. ஒரு வருஷ சந்தாவை இங்கேயே, அவங்க போன் நம்பர்ல, அவங்க காசுல கட்டியிருந்தாங்க (கம்பெனி பேர் வேணாம்). ராத்திரி ஆப்பைத் திறந்தா 'உங்கள் பகுதியில் கிடைக்காது'ன்னு வருது. "ஏண்டா தம்பி, நான்தான் காசு கட்டிட்டேனே?"ன்னு போன்ல கேட்டாங்க. எனக்கு பதில் தெரியல.

மச்சான் ஒரு 'ஸ்மார்ட் டிஎன்எஸ்' சேவைக்கு மாசக் காசு கட்டிட்டு, "நீதான் பொட்டி தட்டறவனாச்சே, சரி பண்ணிக் கொடு"ன்னுட்டான். அதுக்கப்புறம் மூணு ராத்திரி வாட்ஸப் வீடியோ கால்ல அவன் ரவுட்டரோட முதுகைப் பார்த்ததுதான் மிச்சம்.

புதுசா கேக்கறவங்களுக்கு: டிவில ஆப்பைத் திறந்தா அது முதல்ல 'இந்தப் பேர் கொண்ட சர்வர் எந்த விலாசத்துல இருக்கு'ன்னு ஒரு டிஎன்எஸ் சர்வரைக் கேக்கும். வழக்கமா அது இன்டர்நெட் கொடுக்கற கம்பெனியோட சர்வர். அதுக்குப் பதிலா இந்த சேவைக்காரங்களோட சர்வரைக் கேக்க வைக்கறோம். அவங்க மத்த எல்லாத்துக்கும் நிஜ விலாசத்தைச் சொல்லிட்டு, ஊர் எதுன்னு செக் பண்ற சில சர்வர்களுக்கு மட்டும் மும்பையிலயோ எங்கயோ இருக்கற தங்களோட மெஷின் விலாசத்தைச் சொல்லுவாங்க. அந்தக் கேள்வி மட்டும் மும்பை வழியா போகும், வீடியோ நேரா வந்துடும். விபிஎன் மாதிரி எல்லாத்தையும் சுத்த விடாததால வேகம் குறையாது, டிவில எதையும் இன்ஸ்டால் பண்ணவும் வேணாம். ரெண்டு நம்பரை மாத்தினா போதும்.

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா டிவி அவங்களைத்தான் கேக்கணுமே!

லேப்டாப்புல வந்துச்சு, டிவில வரல. இப்படி ஆனா சேவையைத் திட்டாதீங்க, தப்பு டிவி பக்கம். குரோம்காஸ்ட் மாதிரி சில சாதனங்கள் நாம என்ன நம்பர் போட்டாலும் கூகுளோட 8.8.8.8ஐத்தான் கேக்கும். ரவுட்டர்ல 8.8.8.8, 8.8.4.4 ரெண்டுக்கும் போற வழியை அடைச்சாத்தான் வேற வழியில்லாம நாம சொன்ன சர்வர்கிட்ட வரும். மச்சான் வீட்டு ரவுட்டர்ல அதை மாத்தவே விடல. சின்னதா இன்னொரு ரவுட்டர் வாங்கி, அது பின்னால டிவியை மட்டும் போட்டோம். அப்பவும் பாதி நேரம்தான் வந்துச்சு. பார்த்தா ஐபிவி6 வழியா வேற டிஎன்எஸ் சர்வரைக் கேட்டுட்டு இருந்திருக்கு. புது ரவுட்டர்ல அதை அணைச்சதும் வந்துடுச்சு.

போன்ல பார்க்கறவங்களுக்கு வேற தொல்லை. ஆண்ட்ராய்டு 9லேர்ந்து 'பிரைவேட் டிஎன்எஸ்'னு ஒண்ணு இருக்கு, பிரவுசர்ல 'செக்யூர் டிஎன்எஸ்'. இதுல ஏதாவது ஒண்ணு வேற சர்வரைப் பிடிச்சுட்டு இருந்தா நீங்க போட்ட நம்பரை அது சீண்டவே சீண்டாது.

பதினோரு நாள் ஓடுச்சு. ஒரு நாள் கரண்ட் போய் வந்ததும் படுத்துடுச்சு. சேவைக்காரங்க நம்மை அடையாளம் பார்க்கறது வீட்டு ஐபி நம்பரை வச்சு, ரவுட்டர் அணைஞ்சு எழுந்தா அது மாறிடும். அவங்க தளத்துல போய் புது நம்பரைப் பதியணும். ரவுட்டர்ல தெரியற வெளி ஐபி 100.64லேர்ந்து 100.127க்குள்ள ஆரம்பிச்சா இன்னும் மோசம், ஒரே நம்பரைப் பல வீட்டுக்குப் பங்கு போட்டிருக்காங்கன்னு அர்த்தம். அந்த மாதிரி இணைப்புல இந்த வேலையில இறங்காதீங்கன்னுதான் சொல்வேன்.

இன்டர்நெட் கம்பெனியே இடையில மறிச்சா என்ன பண்றது? நீங்க எந்த சர்வரைக் கேட்டாலும் அவங்க சர்வரே பதில் சொல்ற மாதிரி திருப்பி விட முடியும். மலேசியாவுல 2024 செப்டம்பர்ல அரசு ஆணையமே எல்லா கம்பெனியும் மாசக் கடைசிக்குள்ள இப்படிப் பண்ணணும்னு உத்தரவு போட்டுச்சு. சனங்க கத்தினதுல ரெண்டே நாள்ல அமைச்சர் வேணாம்னு நிறுத்திட்டார். இந்தப் பக்கம் நம்மூர்ல, விபிஎன் கம்பெனிகள் வாடிக்கையாளர் விவரத்தை அஞ்சு வருஷம் வச்சிருக்கணும்னு 2022 ஏப்ரல்ல உத்தரவு. ஜூன்லயே எக்ஸ்பிரஸ்விபிஎன், நார்ட்விபிஎன், சர்ஃப்ஷார்க் எல்லாம் இந்தியாவுல வச்சிருந்த சர்வர்களைத் தூக்கிட்டாங்க. படக் கம்பெனிகளும் சும்மா இல்ல. நெட்ஃபிளிக்ஸ் 2016 ஜனவரியில இந்தியாவுக்குள்ள வந்த அதே மாசம்தான் ப்ராக்ஸிகளை அடைக்கப் போறோம்னு அறிவிச்சது. இன்னிக்கு ஓடறது நாளைக்கு நிக்கும்.

எனக்கு இதுல பயமே வேற. வீட்டு ரவுட்டர்லயே இந்த டிஎன்எஸ்ஸைப் போட்டுட்டு நிம்மதியா தூங்கறவங்க நிறைய. உங்க வீட்ல யார் எந்தத் தளத்துக்குப் போறாங்க, எந்த பேங்க், எந்த ஆஸ்பத்திரின்னு அத்தனை பேரும் முன்ன பின்ன தெரியாத ஒருத்தர் கைக்குப் போகுது. நினைச்சா தப்பான விலாசமும் கொடுக்கலாம். ஒரு சீரியலுக்காக இதெல்லாம் தேவையா? போட்டே ஆகணும்னா டிவிக்கு மட்டும் போடுங்க.

சரி, இந்தக் கூத்து எல்லாம் எதுக்கு? ஒளிபரப்பு உரிமையை நாடு நாடா தனித்தனியா விக்கறாங்க. மலேசியாவுல அஸ்ட்ரோ மாதிரி ஆளுங்க காசு கொடுத்து வாங்கறாங்க, அங்கேயே குடியிருக்கறவங்க அவங்ககிட்ட வாங்கட்டும். அதுல நியாயம் இருக்கு, நான் மறுக்கல. மச்சானுக்காக நான் வாதாட வரல. ஆனா அத்தை குடியேறப் போகலியே! ஒரு மாசம் பேத்தியைக் கொஞ்சப் போனவங்க. அவங்க சந்தா இங்க, வீடு இங்க.

ஐரோப்பிய யூனியன்ல இதுக்கு சட்டமே போட்டுட்டாங்க. 2018 ஏப்ரல் 1லேர்ந்து அமலுக்கு வந்தது. ஒரு உறுப்பு நாட்டுல காசு கட்டி சந்தா வச்சிருக்கறவர் இன்னொரு உறுப்பு நாட்டுக்குத் தற்காலிகமா போனா, ஊர்ல என்ன பார்ப்பாரோ அதை அங்கயும் காட்டணும், கூடுதல் காசு கேக்கக் கூடாது. அங்கயும் உரிமையை நாடு நாடாத்தான் விக்கறாங்க, அதனால யாரும் கடையை மூடிடல. பிரிட்டன் வெளியே போனதும் 2021லேர்ந்து அவங்களுக்கு இந்த வசதி போச்சு, அது அவங்க தேடிக்கிட்டது.

நம்ம கம்பெனிகளுக்கு இதுக்கு சட்டம் கூட வேணாம். இந்திய நம்பர், இந்திய கார்டு, இந்தியாவுல வருஷக்கணக்கா பார்த்த கணக்கு எல்லாம் அவங்க கையிலயே இருக்கு. வெளிநாடு போனா 30 நாள் வரை பழைய மாதிரி ஓடும்னு உரிமை ஒப்பந்தத்துல ஒரு வரி சேர்த்தா போதும். சிங்கப்பூர், துபாய், கனடான்னு பிள்ளைகளைப் பார்க்கப் போற அப்பா அம்மா எத்தனை பேர்! பேரப் பிள்ளை தூங்கினப்புறம் அந்த அரை மணி நேரம்தான் அவங்களுக்குன்னு இருக்கறது.

டிஸ்கி: சேவையை நிறுத்தினதும் டிவி செட்டிங்ல டிஎன்எஸ்ஸை திரும்ப 'ஆட்டோமேட்டிக்'குக்கு மாத்திடுங்க. மச்சான் அதைப் பண்ணாம விட்டுட்டு, அத்தை ஊருக்குத் திரும்பினப்புறம் ஒரு வாரமா யூடியூப் கூட வரலன்னு எனக்கு போன் மேல போன்.