அச்சமூட்டுபவர் ஆசிரியர் ஆவாரோ?



பள்ளி இறுதித் தேர்வின் முடிவுகள் வெளிவந்து, "பெண்ணை எந்தப் படிப்பில் சேர்ப்பது?" என்னும் பேச்சு நம்மவர் இல்லங்களில் எழுந்துள்ள காலம் இது. பயணச் சீட்டு வழங்கும் கவுண்டரில் அமர்ந்திருக்கும் எனக்கு இக்காலத்தின் வரவு நன்கு தெரியும். சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வாளையாறு ஆகிய ஊர்களிலிருந்து தந்தையர் தம் பெண்களை அழைத்துக்கொண்டு கோயம்புத்தூருக்கும் பெங்களூருக்கும் சீட்டுக் கேட்டு வருகின்றனர். இருப்புப்பாதையே இல்லாத இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம் மலைகளிலிருந்து வருவோர் போடிமெட்டு வழியாக இறங்கிப் போடிநாயக்கனூரிலோ, மறுபுறம் சென்று ஆலுவாயிலோ வண்டி ஏறுகின்றனர். இப்பெண்களுள் பலர் கற்கச் செல்வது நர்சுப் படிப்பே ஆகும்.

இதில் வியப்பொன்றும் இல்லை. மூன்று தலைமுறையாகக் கொழுந்துக் கூடையைச் சுமந்த குடும்பத்திற்கு, லயத்து வீட்டை விட்டு வெளியேறும் நேரான வழி அதுவாகவே தோன்றுகிறது. ஆதலால் வங்கியில் கடன் வாங்குகிறோம். காதில் கிடப்பதையும் அடகு வைக்கிறோம். பெண் புறப்படும்போது, "ஆசிரியர் சொற்படி நட, எதையும் பொறுத்துக்கொள்" என்று அறிவுரையும் சொல்லி அனுப்புகிறோம். அந்த அறிவுரையின் பிற்பாதியைப் பற்றித்தான் இத்திங்கள் சில சொற்கள் எழுத விரும்புகிறேன். அதனைச் சொல்லிப் பிழை செய்தவருள் நானும் ஒருவன்.

என் தமக்கை மூணாற்றுப் பகுதியில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளி. அவள் மகள் நான்கு ஆண்டுகட்கு முன் அயல் மாநிலக் கல்லூரியொன்றில் நர்சுப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் இருந்தாள். தீபாவளி விடுமுறைக்கு வந்தவள் என் வீட்டில் இறங்கி, "மாமா, நான் திரும்பிப் போகமாட்டேன்" என்றாள். காரணம் வினவினேன். வார்டுப் பயிற்சியில் மேற்பார்வை செய்யும் ஆசிரியை, சிறு தவறுக்கும் நோயாளிகளின் முன்னிலையில் மாணவிகளை மணிக்கணக்கில் நிற்க வைப்பாராம். இவளைப் பார்த்து, "கொழுந்து பறிக்கும் கைக்கு ஊசி எதற்கு?" என்பாராம். அதைக் கேட்டு உடன் பயில்வோர் சிரிக்க வேண்டுமாம். சிரிக்காதவர் அடுத்த நாள் அகப்படுவாராம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "அடியாத மாடு படியாது, அம்மா" என்றேன். "எங்கள் அலுவலகத்திலும் மேலதிகாரிகள் ஏசத்தான் செய்கிறார்கள், உன் அம்மாவின் நகை அடகில் இருப்பதை நினைத்துப் பார்" என்றேன். மறுநாள் என் கையாலேயே சீட்டு எழுதிக் கொடுத்து வண்டி ஏற்றினேன். கடமையைச் செய்துவிட்டதாக அன்று எனக்கு மனநிறைவும் உண்டாயிற்று.

தை பிறந்த சில நாட்களில் அவள் மீண்டும் வந்தாள். இம்முறை அழவில்லை. "மாமா, ஏசினார்கள் என்பதற்காக நான் வரவில்லை. பொய் எழுதிவிட்டேன், அதனால் வந்தேன்" என்றாள். அறுவைச் சிகிச்சை முடிந்த ஒரு முதியவரின் சிறுநீர் அளவைக் குறித்த நேரந்தோறும் அளந்து எழுதும் பணி அவளுக்கு இடப்பட்டிருந்தது. வேறொரு வேலைக்கு அனுப்பப்பட்டமையால் ஒருமுறை அளக்கத் தவறிவிட்டாள். தவறினேன் என்று சொன்னால் என்ன நடக்கும் என்பதை முந்தின நாள் மற்றொரு மாணவியின் நிலையில் கண்டிருந்தாள். ஆகவே, மனத்திற்குத் தோன்றிய ஓர் எண்ணை அட்டவணையில் எழுதிவிட்டாள். அன்றிரவு முழுதும் உறங்காமல், விடிந்ததும் ஓடிச் சென்று அம்முதியவர் உயிரோடிருக்கிறாரா என்று பார்த்தாளாம். நல்லவேளையாக அவருக்கு ஒன்றும் நேரவில்லை.

அன்றுதான் எனக்கு அறிவு தெளிந்தது. அந்த ஆசிரியையின் கடுமை என் மருமகளுக்குச் செவிலித் தொழிலைக் கற்பிக்கவில்லை; தவற்றை மறைக்கக் கற்பித்திருந்தது. அதற்கு நானும் உடந்தையாய் இருந்தேன்.

நிற்க. இது ஒரு வீட்டுக் கதை மட்டுமன்று. 2025 பிப்ரவரியில் நிகழ்ந்த இரண்டு நிகழ்ச்சிகளை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஒன்று, கோட்டயம் காந்திநகரில் உள்ள அரசு நர்சிங் கல்லூரி விடுதியில் முதலாண்டு மாணவர்களை மூத்த மாணவர் ஐவர் மாதக்கணக்கில் கொடுமை செய்தனர் என்பது. புகார் எழுந்ததும் போலீசார் ஐவரையும் கைது செய்தனர். தம் பொறுப்பில் நடந்ததைக் கவனிக்கத் தவறியதாகக் கல்லூரி முதல்வரும் உதவிப் பேராசிரியர் ஒருவரும் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டனர்.

மற்றொன்று, அதே திங்களின் முதல் வாரத்தில் கருநாடகத்து ஹாரோஹள்ளியில், தயானந்த சாகர் பல்கலைக்கழகத்தில் நர்சுப் படிப்பின் முதலாண்டில் இருந்த கண்ணூர்ப் பெண் ஒருத்தி விடுதியில் உயிரை விட்டாள் என்பது. கல்லூரிப் பொறுப்பிலிருந்தோர் தந்த மனத்துன்பமே காரணம் என்று அவள் குடும்பத்தார் குற்றம் சாட்டினர். பல்கலைக்கழகம் முதல்வரையும் உதவிப் பேராசிரியை ஒருவரையும் பணியிலிருந்து விலக்கி வைத்தது. குற்றம் எவருடையது என்று தீர்ப்பது நீதிமன்றத்தின் வேலை. நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டுவதில்லை. ஆயினும், பத்தொன்பது வயதுப் பெண்ணொருத்தி தன் துயரைச் சொல்வதற்கு ஒரு வாயில் இல்லாமற் போயிற்றே என்று வருந்தாமல் இருக்க முடியுமா?

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்தால் ஒன்று விளங்கும். மாணவர் மாணவரை வதைப்பதற்குச் சட்டத்தில் பெயர் உண்டு. நாவரசு கொலைக்குப் பின் தமிழ்நாடு 1997இலும், அடுத்த ஆண்டே கேரளமும் ராகிங் தடுப்புச் சட்டம் இயற்றின. பல்கலைக்கழக மானியக் குழுவும் 2009இல் விதிகள் வகுத்தது. ஆனால் அவ்விதிகள் ராகிங் என்று குறிப்பது மாணவர் செய்யும் செயலையே. ஆசிரியர் செய்தால் அதற்குப் பெயர் என்ன? பெரும்பாலும் "ஒழுங்கு" என்று பெயர் சூட்டி விடுகிறார்கள். பெயரில்லாத நோய்க்கு மருந்து கேட்பது எளிதன்று.

நர்சுப் படிப்பில் ஆசிரியரின் கைப்பிடி ஏனைய படிப்புகளைவிட இறுக்கமானது. எழுத்துத் தேர்வில் 100 மதிப்பெண்ணுக்கு 25 ஆசிரியரின் அகமதிப்பீட்டில் உள்ளது. தேர்வெழுத 80 விழுக்காடு வருகை வேண்டும். வார்டுப் பயிற்சியிலோ, பட்டம் பெறுமுன் ஒரு நாளும் குறையாமல் முழுவதையும் முடித்தாக வேண்டும். விடுதியும் கல்லூரியினுடையதே, மருத்துவமனையும் பல இடங்களில் அதே நிர்வாகத்தினுடையதே. அசல் சான்றிதழ்களையும் வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்ளும் கல்லூரிகள் உண்டு. உணவும் உறக்கமும் மதிப்பெண்ணும் ஒரே கையில் இருக்கும்போது, அந்தக் கை சற்றே கடுமையானாலும் மாணவிக்கு மூச்சுத் திணறும் அன்றோ?

ஆசிரியர் பக்கத்தையும் சொல்லாது விடுவது முறையாகாது. 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் நர்சுப் பள்ளியைத் தோற்றுவித்த நாள்தொட்டு, இத்தொழில் கட்டுப்பாட்டில் வளர்ந்தது. மருந்தின் அளவு தவறினால் போவது ஓர் உயிர். ஆகவே கண்டிப்பு வேண்டும், அதில் ஐயமில்லை. பத்து மாணவிகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு. அதைக் கடந்து மாணவிகளைச் சுமக்கும் ஆசிரியருக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? மேலும், தாம் பயின்ற காலத்தில் பட்ட வசவையே தம் மாணவிகளுக்குத் திருப்பித் தருவோரும் உளர். கொடுமைப்பட்ட மருமகள் தான் மாமியாரானபின் கொடுமைக்காரியாவது நாம் அறியாததா?

எனினும் கண்டிப்பு வேறு, கொடுமை வேறு. "நீ கையைக் கழுவாமல் காயத்தைத் தொட்டாய், மீண்டும் செய்து காட்டு" என்பது கண்டிப்பு. அது செயலைக் குறித்தது, திருந்தியதும் முடிந்துவிடும். "உன் குலம் என்ன, உன் மொழி என்ன, உன் தகப்பன் தொழில் என்ன" என்று கேட்பது கொடுமை. அது ஆளைக் குறித்தது. எத்தனை திருந்தினாலும் முடியாது. பெற்றோர் இந்த வேறுபாட்டைப் பெண்ணுக்கு முன்கூட்டியே எடுத்துரைத்தல் வேண்டும்.

என் தொழிலிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். கவுண்டரில் அமரும் ஊழியர் தம் சொந்தப் பணம் எவ்வளவு என்று முதலிலேயே பதிவேட்டில் எழுதிவிட வேண்டும். வேலை முடிவில் கணக்குக் குறைந்தால் கட்டவும் வேண்டும். நான் பணியிற் சேர்ந்த புதிதில் எனக்கு மேலிருந்த இருவரில் ஒருவர், குறைவு நேர்ந்தால் பத்துப் பேர் முன்னிலையில் திருடன் என்பார். அவர் பொறுப்பில் இருந்த நாட்களில் நாங்கள் குறைவைச் சொல்லாமல், கடன் வாங்கியாவது இட்டு நிரப்பினோம். தவறு எங்கே நேர்ந்தது என்று யாரும் தேடவில்லை. மற்றவர், "வா, சேர்ந்து பார்ப்போம்" என்பார். பெரும்பாலும் அரைமணி நேரத்தில் பிழை அகப்பட்டுவிடும். இருவரில் எவரிடம் நான் தொழில் கற்றேன் என்று சொல்லவும் வேண்டுமோ?

இதையே மருத்துவமனைகளில் ஆராய்ந்து கண்டவர் ஏமி எட்மண்ட்சன் என்னும் அமெரிக்கப் பேராசிரியை. நல்ல தலைமையுள்ள வார்டுகளில் மருந்துப் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எண்ணி அவர் ஆராயப் புகுந்தார். 1996இல் அவர் வெளியிட்ட முடிவோ நேர்மாறாக இருந்தது: நல்ல தலைமை இருந்த இடங்களில்தான் பிழைகள் மிகுதியாகப் பதிவாகியிருந்தன. அங்கே பிழை மிகுதி என்பதன்று, சொல்ல அஞ்சுவோர் குறைவு என்பதே அவர் தந்த விளக்கம். சொன்ன பிழையைத் திருத்தலாம். மறைத்த பிழை நோயாளியின் உடலில் போய்த் தங்கும்.

இத்தனை தொலைவு செல்ல வேண்டுவதுமில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், நல்லாசிரியருக்கு நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் மலரையும் உவமை கூறினார். ஆசிரியர் ஆகத் தகாதவரின் இழிகுணங்களை எண்ணும்போது, பொறாமை, பேராசை, வஞ்சகம் இவற்றோடு, கேட்பவர் அஞ்சும்படி பேசுவதையும் ஒன்றாகச் சேர்த்தார். அச்சமூட்டுவதைக் கற்பிக்கும் முறை என்று நம் முன்னோர் கொள்ளவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி, நாம் செய்யத்தக்கவை யாவை? அசல் சான்றிதழ்களைக் கல்லூரியில் ஒப்படைக்கும்படி கேட்டால், சரிபார்த்தபின் திருப்பித் தருமாறு கேளுங்கள். கொடுக்க நேர்ந்தால் ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். படிகள் எடுத்து வீட்டில் வையுங்கள். பெண் துன்பம் உரைத்தால் நாள், இடம், சொன்ன சொல் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். புகாரை வாயால் சொல்லாமல் எழுத்தில் கொடுங்கள். மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு விதிப்படி, பல்கலைக்கழகங்களும் அவற்றோடு இணைந்த கல்லூரிகளும் மாணவர் குறைதீர்க்கும் குழு அமைக்க வேண்டும். அக்குழு 15 வேலை நாட்களுக்குள் தன் அறிக்கையைத் தரவேண்டும். அதில் நிறைவில்லையெனில் குறைகேள் அதிகாரியிடம் முறையிடலாம். சான்றிதழைத் திருப்பித்தர மறுப்பதும் அவ்விதியில் ஒரு குறையாகவே எண்ணப்பட்டுள்ளது. எல்லாவற்றுக்கும் மேலாக, "உயிரைவிட, மானத்தைவிட, நகை பெரிதன்று; எந்நேரமும் வீட்டுக்கு வரலாம்" என்று பெண்ணிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நாம் மனத்தில் நினைப்பது அவளுக்குக் கேட்காது.

என் மருமகள் கதையை முடிக்க வேண்டும். அவளும் அவள் தந்தையும் நானும் கல்லூரிக்குச் சென்றோம். அவள் முதலில் வார்டுப் பொறுப்பு நர்சிடம் தான் எழுதிய பொய்யை ஒப்புக்கொண்டாள். பிறகு எங்கள் கடிதத்தை முதல்வரிடம் கொடுத்தோம். பெரும் நீதி எதுவும் கிடைத்துவிடவில்லை. அந்த ஆசிரியை அங்கேயேதான் இருந்தார். ஆனால் நோயாளிகள் முன் நிற்க வைப்பது நின்றது. இவளை வேறொருவர் மேற்பார்வைக்கு மாற்றினர். இன்று அவள் ஒரு மருத்துவமனையில் பணிபுரிகிறாள். பயிற்சிக்கு வரும் மாணவிகள் இப்போது அவளையும் "சிஸ்டர்" என்று அழைக்கிறார்கள்.

சென்ற திங்கள் அவளிடம், "மாணவிகள் தவறு செய்தால் நீ என்ன செய்வாய்?" என்று கேட்டேன். "சொன்னதற்கு முதலில் நன்றி சொல்வேன், மாமா, பிறகுதான் கோபித்துக்கொள்வேன்" என்றாள்.

அந்த விடையை அன்று தீபாவளியில் நான் அறிந்திருக்கவில்லை. நீங்களாவது இப்போதே அறிந்துகொள்ளுங்கள் என்று வேண்டி அமைகிறேன்.